கத்தரி பட்ட ஸ்வெட்டர்

மலைநகரமான பாகியோவின் சந்தையில், மேட்டுப் பக்கத்தில் பழைய துணிக் கடைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் கோடியில், தகரக் கூரை முடிகிற மூலையில், லியோனிசா முப்பது வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்து ஸ்வெட்டர் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கிறாள். நிசா என்றால்தான் சந்தையில் தெரியும். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணியில் ஸ்வெட்டர்தான் அதிகம். மலைக்குளிருக்கு அதுதான் விலைபோகும். ஆனால் பத்தில் நான்கு ஓட்டையோடு வரும். கடைக்காரர்கள் அவற்றைத் தனியாகப் பொறுக்கி நிசாவின் முன்னால் குவித்துவிட்டுப் போவார்கள். ஒரு முக்காலி, நூல் உருண்டைகள் போட்ட பிஸ்கட் டப்பா, ஒரு கொக்கி ஊசி. அதற்குமேல் அவளுக்குக் கடை என்று எதுவும் இல்லை.

அவள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பின்னல் துணியில் ஓட்டை விழுந்தால் அதைச் சுற்றி அவிழ்ந்து நிற்கும் கண்ணிகள் மேலும் மேலும் ஓடும். முதலில் அவற்றை ஒவ்வொன்றாகக் கொக்கியில் பிடித்து நிறுத்துவாள். பிறகு ஓட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை குரோஷா போடுவாள். அதற்குள் இன்னொரு வரிசை, அதற்குள் இன்னொன்று என்று சுற்றிக்கொண்டே போனால் நடுவில் ஓட்டை மூடிக்கொள்ளும். பிய்ந்த மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் ஓரத்தில் இரண்டு வரிசை. நிறம் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் பூ மாதிரி தெரியட்டும் என்று வேண்டுமென்றே வேறு நிறம் எடுப்பாள்.

ஓட்டையைப் பார்த்ததும் அது எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுவாள். பூச்சி அரித்தது ஊசி குத்தின மாதிரி அங்கங்கே இருக்கும். நெருப்புப் பட்டது விளிம்பு கருகிக் கெட்டியாக இருக்கும். ஆணியில் மாட்டினது ஒரு நூலை மட்டும் இழுத்து இரண்டு பக்கமும் சுருக்கிவிட்டிருக்கும். கத்தரியோ பிளேடோ பட்டது தனி ரகம். நூல் முனைகள் எல்லாம் ஒரே நீளத்தில், முகச்சவரம் செய்த மாதிரி நிற்கும்.

தொண்ணூற்று மூன்றில், மழை தொடங்குகிற மாதத்தில்தான் ஃபெர்மின் முதல்முறை வந்தான். புகியாஸ் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறவன். நாற்பத்து நான்கு வயது இருக்கும். வியாழக்கிழமை காலையில் பக்கத்து ஊரான லா டிரினிடாட்டில் முட்டைக்கோசை இறக்கிவிட்டு, வேலை முடிந்தபின் பாகியோ சந்தைக்கு வந்து வேண்டியதை வாங்கிக்கொண்டு மலையேறுவான். அன்றைக்கு அவன் போட்டிருந்த பழுப்பு ஸ்வெட்டரில் இரண்டு முழங்கையும் தேய்ந்து தொங்கின.

நிசா அதை வாங்கி விரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"யாரு மனோங் இதைப் பின்னினது? கண்ணைக் கட்டிக்கிட்டுப் பின்னினாங்களா? ஒரு கண்ணி எருமை சைஸுல இருக்கு, பக்கத்துலயே இன்னொண்ணு எறும்பு சைஸுல இருக்கு."

மூத்தவனை மனோங் என்றும் மூத்தவளை மனாங் என்றும் இளையவளை ஆடிங் என்றும் கூப்பிடுவதுதான் அங்கே எல்லோருக்கும் பழக்கம். அவனும் சிரித்தான்.

"பின்னத் தெரியாதவங்க பின்னினது, ஆடிங். ஆனா குளிர் தாங்குது."

வேறு ஸ்வெட்டர் எதுவும் கொண்டுவரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, மெல்லிய சட்டையோடு அவள் பக்கத்தில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு வாரம் கழித்து மணிக்கட்டில் ஒரு கிழிசல். லாரிக் கதவில் மாட்டிவிட்டது என்றான். கதவில்தான் மாட்டியிருந்தது, நூல் சொன்னது. அடுத்த முறை ஸ்வெட்டரின் பாக்கெட்டுக்குக் கீழே ஒரு ஓட்டை. நிசா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நான்கு நூல் முனைகளும் ஒரே நீளம்.

"எலியா, மனோங்?"

"எலிதான் போல."

அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். காது சிவந்திருந்தது. நிசா குனிந்துகொண்டாள்.

"அந்த எலிக்கு வேளாவேளைக்குச் சோறு வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொக்கியை எடுத்தாள்.

ஆக, அவளுக்கு முதலிலேயே தெரியும். பிற்பாடு தனக்குத்தானே எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டாலும் இந்த ஒன்றை மட்டும் அவளால் மறைக்க முடிந்ததில்லை. தெரிந்தேதான் எட்டு மாதம் அடைத்துக் கொடுத்தாள். பத்து நிமிட வேலையை அரைமணி நேரம் இழுத்தாள். வியாழக்கிழமை என்றால் தலையைக் கொஞ்சம் நன்றாக வாரிக்கொண்டு வந்தாள்.

அவன் ஒவ்வொரு முறையும் ஒரு முட்டைக்கோஸ் கொண்டுவருவான். சில வாரம் ஒரு கட்டு கேரட். பேச்சும் அதைப் போலத்தான், சாதாரணமானது. எந்த வளைவில் மண் சரிந்தது, எத்தனை மணி நேரம் லாரிகள் நின்றன, முட்டைக்கோசை யாரும் சீந்தாத வாரத்தில் எப்படி அதைச் சாலையோரத்திலேயே கொட்டிவிட்டு வந்தார்கள். அவள் இருமல்காரத் தகப்பனுக்குத் தினமும் கஞ்சி வைத்துவிட்டு வருவதைச் சொல்வாள். ஒருநாள் அவளுடைய முக்காலியின் ஆடும் காலைக் கழற்றி, ஆப்பு வைத்து இறுக்கிக் கொடுத்தான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்.

ஸ்வெட்டரின் முன்பக்கம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. பழுப்புக்கு நடுவே கடுகு மஞ்சளில் ஒரு வட்டம், பாசிப்பச்சையில் ஒன்று, செங்கல் நிறத்தில் இரண்டு. "நிறம் எது போடட்டும்?" என்று கேட்டால், "உங்க இஷ்டம்" என்பான். அந்தக் கோணல் பின்னலைக் கிண்டல் செய்யாமல் அவளுக்கு ஒரு வியாழக்கிழமை போகாது. "இதைப் பின்னின புண்ணியவதி ஊசியால பின்னினாளா, விறகுக் கட்டையால பின்னினாளா?" என்பாள். ஃபெர்மின் ஒவ்வொரு முறையும் தலையாட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் ஏதாவது வேறு மாதிரி இருந்ததா என்று அவள் பிறகு எத்தனையோ முறை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறாள். எதுவும் தெரியவில்லை.

பக்கத்துக் கடை அடேலாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் இது போதுமான தீனி. அவர்கள் அவனுக்கு முட்டைக்கோஸ் மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள்.

"ஏய் நிசா, இன்னைக்கு வியாழக்கிழமை. மாப்பிள்ளை வர்றாரு, தட்டைக் கழுவி வை!"

"ஊரு உலகத்துல பூ கொண்டு வருவான். இவன் கோசு கொண்டு வர்றான்."

"கல்யாணத்துக்கு மோதிரத்துக்குப் பதிலா கேரட்டு போட்டுருவான்டி!"

சொன்னவர்களிடம் வஞ்சம் கிடையாது. மழைநாளில் வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பொழுது போகவேண்டும். வேறு ஒருத்தியாக இருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லிவிட்டு விட்டிருப்பாள். நிசாவால் முடியவில்லை. இருபத்து நான்கு வயதில் அவளுக்கு ஒருவன் வாக்குக் கொடுத்து, கல்யாண உடை தைக்கக் கொடுத்தபிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனான். அப்போது தெருவே சிரித்தது. முகத்துக்கு நேராக யாரும் சிரிக்கவில்லை. அவள் தாண்டிப் போனபின் சிரித்தார்கள். அதிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் அவளுக்கு முதுகு கூசும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. தூறல் நின்றபாடில்லை. வரிசை முழுக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஃபெர்மின் வந்து வழக்கம்போல ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினான். ஓட்டை இந்த முறை நெஞ்சுக்கு நேராக, ஒரு முட்டை அளவுக்கு இருந்தது. அடேலா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அடியே, இது எலி இல்லடி. எலிக்கு இவ்வளவு வட்டமா வெட்டத் தெரியுமா? நீ என்ன, இத்தனை நாளா எலின்னு நம்பிக்கிட்டா இருக்கே? ஓட்டையைப் பார்த்தே ஜாதகம் சொல்றவ நீ!"

எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு பேர் அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று, நிசா ஏமாந்த முட்டாள். இல்லையென்றால் தெரிந்தே இத்தனை நாள் அவனோடு சேர்ந்து நாடகம் ஆடியவள். எதைச் சொன்னாலும் சிரிப்பு அவள் தலையில்தான் விழும். அவள் யோசிக்கவில்லை. தன்மேல் விழ இருந்ததை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நம்புறதாவது! எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள், வரிசைக்கே கேட்கும்படி. ஸ்வெட்டரை உயர்த்திக் காட்டினாள். "பாருங்க எல்லாரும். பிளேடை வச்சு உக்காந்து வெட்டியிருக்காரு. மலையில இருந்து அஞ்சு மணி நேரம் லாரி ஓட்டிக்கிட்டு வர்றது எதுக்குன்னு இப்பத் தெரிஞ்சுதா?"

சிரிப்பு கூரையில் மோதியது. ஃபெர்மின் அசையவில்லை.

"ஆமா. நான்தான் வெட்டினேன்" என்றான். "இங்க வர்றதுக்கு எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு?"

அவன் அதை அவ்வளவு நேராகச் சொல்வான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் சத்தம் அடங்கியது. அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எதுவும் சொல்ல வேண்டியதில்லை, குனிந்து கொக்கியை எடுத்திருந்தால் போதும். ஆனால் அவள் நாக்கு நிற்கவில்லை.

"ஏன், இந்த நாடகமெல்லாம் வீட்டுக்காரிகிட்ட எடுபடலையா?"

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே அவன் ஏதோ சொன்னான். பக்கத்தில் இருந்ததால் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"அவ இல்ல. போயிட்டா."

முட்டைக்கோசை முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மெல்லிய சட்டையோடு தூறலில் இறங்கி நடந்தான். ஸ்வெட்டர் அவள் கையிலேயே இருந்தது. கூப்பிடலாம் என்று எழுந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த ஓட்டையை எடுத்தாள். இந்த முறை மஞ்சளும் பச்சையும் எடுக்கவில்லை. டப்பா முழுவதும் துழாவி, அதே பழுப்புக்கு மிக அருகில் வந்த நூலைத் தேடிப்பிடித்து, அடைத்த இடம் கண்ணுக்கே தெரியாதபடி சின்னச் சின்னக் கண்ணியாகப் போட்டாள். மடித்து, ஒரு தாளில் சுற்றி வைத்தாள்.

மூன்று வியாழக்கிழமை பார்த்தாள். அவன் வரவில்லை. நான்காவது வியாழன் அவளே லா டிரினிடாட்டுக்குப் போனாள். காய்கறி இறக்கும் முற்றத்தில் அவனுடைய லாரி நின்றது, ஆனால் வேறு ஓட்டுநர். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நரைத்த மனிதர் ஒருவர், அகஸ்தோ என்று பேர், அவனோடு பல வருடம் அதே லாரியில் வந்தவர், அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் இப்ப மணிலா வண்டி ஓட்டுறாம்மா. தானாக் கேட்டு மாத்திக்கிட்டான். எனக்கும் புரியலை. இந்த வழி பிடிக்கும் அவனுக்கு."

அவள் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்வெட்டரைத் தொட்டார்.

"இது பஸிலியா பின்னினதாச்சே. அவன் பொண்டாட்டி. பாவம், படுக்கையில கிடக்கிறப்பதான் பின்னவே கத்துக்கிட்டா. கையில பலம் கிடையாது. ஒரு வரிசை இறுக்கமா வரும், அடுத்தது தொளதொளன்னு வரும். முடிச்சுக் கொடுத்த மாசமே போய்ச் சேர்ந்துட்டா. நாலு வருஷம் இருக்கும்." சற்றுத் தயங்கி, "என்கிட்ட கொடுத்துட்டுப் போறீங்களா? அவன் வந்தா கொடுத்துடுறேன்" என்றார்.

"வேண்டாம். நானே கொடுத்துக்கிறேன்" என்றாள் நிசா.

சொன்னாளே தவிர, கால் நகரவில்லை. எருமை சைஸு, எறும்பு சைஸு. விறகுக் கட்டையால் பின்னினாளா. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த முற்றத்தில் அவள் காதில் விழுந்தது. அத்தனைக்கும் சிரித்தானே என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் போனது. தகப்பனுக்கு முடியாமல் போய், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஜூலையில் அவரை அடக்கம் செய்தாள். அது உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நடுவில் எத்தனையோ நாள் சும்மா இருந்தாள். ஒவ்வொரு முறையும், போய் என்ன சொல்வது என்று வாக்கியத்தைத் தேடுவாள். கிடைக்காது. அடுத்த வாரம் என்று விட்டுவிடுவாள்.

அக்டோபரில் ஒருநாள் விடியற்காலையில், வாக்கியம் கிடைக்காமலேயே பஸ் ஏறினாள். புகியாஸில் இறங்கி விசாரித்து, கேரட் வயல்களுக்கு நடுவே சரிவில் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. கதவைத் திறந்தவள் ஃபெர்மினின் அக்கா கமிலா. அறுபதை நெருங்கும் பெண். பொட்டலத்தில் இருந்து எட்டிப்பார்த்த பச்சை வட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஓ. அந்தச் சந்தைக்காரி நீதானா?"

நிசாவுக்குத் தலை நிமிரவில்லை. "அவரைப் பார்க்கணும், மனாங்."

"பார்க்கணுமா? சவூதிக்குப் போய்ப் பார்த்துக்க. அங்க லாரி ஓட்டப் போயிட்டான். பதினேழு நாள் ஆச்சு."

நிசா வாசலிலேயே நின்றாள். கமிலா கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வா. அவ்வளவு தூரம் வந்தவளை வெளியே நிக்க வச்சு அனுப்பினேன்னு பேர் வேண்டாம்."

காப்பி போட்டாள். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தட்டில் வைத்தாள். ஸ்வெட்டரை மேசையில் விரித்து, வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்ததும் இதைத்தான் காட்டுவான். 'பாருங்க மனாங், இன்னைக்கு மஞ்சள் போட்டிருக்கா'ன்னு. சின்னப் பையன் மாதிரி. பஸிலியா போனப்புறம் மூணு வருஷம் இதை யாரையும் தொட விடலை. என்னைத் தோய்க்கக்கூட விடலை. அப்புறம் பார்த்தா ஒருநாள் பிளேடை வச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கான். 'பைத்தியமாடா உனக்கு? அவ பின்னினதுடா அது'ன்னு கத்தினேன். 'போதும் மனாங், இன்னொரு கை படட்டும்'னான்."

நிசா காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"போறதுக்கு முந்தின நாள்கூட, ஒருதடவை சந்தைக்குப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமான்னு கேட்டான். நான்தான் போயிட்டு வாடான்னேன். செருப்புக்கூடப் போட்டுட்டான். அப்புறம் கழட்டி வச்சுட்டு, 'வேண்டாம், சிரிப்பாங்க'ன்னுட்டான்."

நிசா அழுதாள். அழுகைக்கு நடுவே தகப்பன் இறந்ததையும் சொன்னாள். கமிலா சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கட்டும் என்று எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். கிளம்பும்போது ஒரு தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். ஸ்வெட்டரை அவள் திருப்பித் தரவில்லை, நிசாவும் கேட்கவில்லை. அது இருக்கவேண்டிய வீடு அதுதான்.

கடிதம் எழுத மூன்று நாள் ஆனது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினாள். ஸ்வெட்டரை முடித்து வீட்டில் கொடுத்துவிட்டேன் என்று எழுதினாள். பஸிலியாவின் பின்னல் நல்ல பின்னல், நான் பேசியது தப்பு என்றும் எழுதினாள். மற்றதை எழுதத் தைரியம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பதில் வந்தது. நாலே வரி. நலம். உங்கள் தகப்பனார் இறந்ததை அக்கா எழுதியிருந்தார், வருந்துகிறேன். ஸ்வெட்டரை முடித்துக் கொடுத்ததற்கு நன்றி. இங்கே வெயில் கொளுத்துகிறது, அது தேவைப்படவில்லை.

அந்தக் கடைசி வரியை அவள் எத்தனை முறை படித்திருப்பாள் என்று கணக்கில்லை. சில நாள் அது வேடிக்கையாகச் சொன்னதுபோல் இருக்கும். அவன் காது சிவக்கச் சிரிப்பது தெரியும். சில நாள் கதவைச் சாத்தினதுபோல் இருக்கும். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி இன்னொரு கடிதம் எழுதுவதுதான். எழுதினாள். ஆறு பக்கம். அதில் எட்டு மாத வியாழக்கிழமைகளும் இருந்தன, தலைவாரிக்கொண்டு வந்ததுகூட இருந்தது. தபால்தலையும் ஒட்டினாள். ஆனால் பெட்டியில் போடவில்லை. அவன் அதை அறையில் மற்ற ஆட்களுக்கு நடுவே படிப்பான், யாராவது எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றிவிட்டது.

ஆறு வருடம் கழித்து அவன் ஊர் திரும்பினான் என்று அகஸ்தோ சொல்லித்தான் தெரியும். சவூதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளுடைய ஊரான பங்கசினானிலேயே குடியிருந்துவிட்டானாம். நல்ல பெண் என்றார். ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். "சந்தோஷமா இருக்கானாம்மா" என்று அவர் சொன்னபோது நிசா, "நல்லது, நல்லது" என்று இரண்டு முறை சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். அன்றைக்கு முழுவதும் போட்ட கண்ணியையே திரும்பத் திரும்ப அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னும் வேலை செய்கிறாள். வேலை குறையவும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஓட்டையே இல்லாத ஸ்வெட்டரைக்கூடக் கொண்டுவந்து பூப்போல ஒன்று போடச் சொல்கிறார்கள். யாராவது வீட்டில் பின்னினதைக் கொண்டுவந்தால், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதைப்பற்றி ஒரு சொல் பேசமாட்டாள். எந்த நிறம் வேண்டும் என்று மட்டும் கேட்பாள்.

போன வருடம் புயல்மழை சமயத்தில் சந்தையில் ஆளே இல்லை. அடேலாவுக்கு மூட்டுவலி, இப்போது காலுறை மட்டும் விற்கிறாள். இரண்டு பேரும் கூரைக்குக் கீழே ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதையோ பேசிக்கொண்டிருந்த அடேலா திடீரென்று நிறுத்தினாள்.

"அன்னைக்கு நாங்க சிரிச்சிருக்கக் கூடாதுடி."

எந்த நாள் என்று நிசா கேட்கவில்லை.

"நீங்க சும்மா சிரிச்சீங்க, மனாங். பேசினது நான்தானே."

அடேலா வாழையிலையில் சுற்றி வைத்திருந்த அரிசிப் பலகாரத்தைப் பிட்டு, பெரிய துண்டை நிசாவின் பக்கம் நீட்டினாள். நிசா வாங்கிக்கொண்டாள். மழை விடும்வரை இருவரும் அதைத் தின்றுகொண்டிருந்தார்கள்.